சீஃப் பதில்கள்: கிரீஸில் வேலை தேடிய பிள்ளைகள்

சென்ற இதழில், கிரீஸின் பிரேயஸ் துறைமுகத்தில் நான் பார்த்த வேலையில்லாப் பட்டதாரிகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். ஆகவே மூட்டுவலி, பி.எஃப்., ஹவுசிங் சொசைட்டிச் சண்டை எல்லாம் அடுத்த மாதம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் கப்பல் இன்ஜின் ரூமில் கிடந்து சீஃப் இன்ஜினியரானவனுக்குக் கிரீஸ் என்றால் டப்பாவில் வருகிற கிரீஸ்தான் முதலில் ஞாபகம் வரும். அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது, கிரேக்க முதலாளிகளின் கப்பல்களில் வேலை பார்த்தபோது கண்டதும், ரிட்டையராகி செம்பூரில் உட்கார்ந்த பிறகு படித்ததும்தான்.

அண்ணாச்சி, என் மகன் பி.எஸ்ஸி. முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறான். கேட்டால், "கிரீஸில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பேருக்கு வேலை இல்லாமல் இருந்ததாம். ஐரோப்பாவிலேயே அப்படி, என்னை மட்டும் ஏன் சொல்றீங்க" என்கிறான். நிஜமா, கதை விடுகிறானா?
— நைன்ட்டி ஃபீட் ரோடு வாசகர், தாராவி

கதை இல்லை. 2013ல் அங்கே 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் வேலையின்மை 58 சதவீதம். நாடு முழுவதற்கும் சேர்த்து 27 சதவீதத்துக்கு மேல். ஐந்து வருஷம் முன்னால், 2008ல், இளைஞர் கணக்கு 22 பக்கம்தான் இருந்தது.

ஆனால் உங்கள் பையன் ஒரு சங்கதியை விட்டுவிட்டான். தாதர் ஸ்டேஷனில் காலை லோக்கலுக்கு நிற்கிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏறினவர்கள் ஒரு பக்கம். ஏறப் பார்த்து முடியாமல் பிளாட்ஃபாரத்தில் தங்கிவிட்டவர்கள் இன்னொரு பக்கம். வேலையின்மைக் கணக்கு இந்த இரண்டு கூட்டத்தை மட்டும்தான் எண்ணும். ஸ்டேஷனுக்கே வராதவனை எண்ணாது. கல்லூரியில் படிக்கிற பிள்ளை ஸ்டேஷனுக்கு வராதவன். 15லிருந்து 24 வயது வரை என்றால் பாதிக்கு மேல் படித்துக்கொண்டுதானே இருக்கும்? அவர்களையும் சேர்த்து மொத்த இளைஞர்களையும் எண்ணினால், வேலை தேடிக் கிடைக்காதவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர்.

அதற்காக 58 பொய்யான எண் என்று நினைத்துவிடாதீர்கள். வந்து நின்றவர்களில் பாதிக்கு மேல் ஏற முடியவில்லை என்றால் வண்டியில்தான் கோளாறு.

இன்னொன்று. உங்கள் மகன் வேலை தேடவே கிளம்பவில்லை என்றால், ஏதென்ஸில் பிறந்திருந்தாலும் அந்த 58க்குள் அவனுக்கு இடம் கிடையாது. அங்கேயும் தேடினவனைத்தான் எண்ணினார்கள். இதை அவனிடம் சொல்லுங்கள். சாப்பிடும்போது வேண்டாம்.

கிரேக்கர்கள் மதியம் தூங்குவார்கள், கடன் வாங்கிக் கூத்தடித்தார்கள், அனுபவித்தார்கள். இதில் பரிதாபப்பட என்ன இருக்கிறது?
— ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, முலுண்ட்

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

2013 மார்ச்சில் எங்கள் கப்பல் ஒன்பது நாள் ரிப்பேருக்காக பேராமா போனது. பிரேயஸுக்கு மேற்கே இருக்கிற கப்பல் பழுதுபார்க்கும் ஊர். ஒரு காலத்தில் வெல்டிங் சத்தத்தில் பேச முடியாது என்பார்கள். நாங்கள் போனபோது காக்கை கத்துவது கேட்டது. காலை ஆறரைக்கே கேங்வேக்கு, அதாவது கப்பலில் ஏறுகிற படிக்குக் கீழே முப்பது பேர் வந்து நிற்பார்கள். சிலர் கையில் சொந்த வெல்டிங் மாஸ்க். ஃபோர்மேன் வந்து நாலு பேரைக் கை காட்டுவார். மற்றவர்கள் உடனே போக மாட்டார்கள், ஒரு சிகரெட் முடிகிற வரைக்கும் நிற்பார்கள்.

அந்த நாலு பேரில் ஒரு பையன் துரு சுரண்ட வந்தான். சிப்பிங் ஹாம்மரை அவன் பிடித்த பிடியைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, இந்தக் கைக்கு இது பழக்கமில்லை. மணிக்கட்டால் அடித்தான். முழங்கையிலிருந்து வீச வேண்டும், இல்லாவிட்டால் சாயந்திரம் கை வீங்கிவிடும். காட்டிக் கொடுத்தேன். டீ நேரத்தில் பேச்சுக் கொடுத்தால், ஏதென்ஸ் பாலிடெக்னிக்கில் சிவில் இன்ஜினியரிங். நம் ஊர்ப் பாலிடெக்னிக் என்று நினைக்க வேண்டாம், அந்த நாட்டுக்கு அதுதான் ஐ.ஐ.டி. வயது 26. பாலம் டிசைன் பண்ணப் படித்தவன், கப்பலின் சரக்கறைக்குள் துரு சுரண்டுகிறான். 2008க்குப் பிறகு அங்கே கட்டட வேலை அப்படியே படுத்துவிட்டது. அவனுடைய அப்பா அதே பேராமாவில் 22 வருஷம் வெல்டர், இப்போது வீட்டில். அப்பாவுக்குப் பழக்கமான ஃபோர்மேன் என்பதால்தான் பையனைக் கை காட்டினார். மாஸ்க்கோடு வந்த கைதேர்ந்த வெல்டர் வெளியே நிற்க, இவன் உள்ளே. அவனே அதைச் சொன்னான், தலையைக் குனிந்துகொண்டு.

மதியத் தூக்கமா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று ஐரோப்பிய யூனியன் எடுக்கிற கணக்கில் கிரேக்கர்கள் வருஷா வருஷம் மேல்வரிசையில்தான் வருகிறார்கள்.

கடன் விஷயம் நீங்கள் சொல்வது பாதி சரி. யூரோவில் சேர்ந்த பிறகு அரசுக்கு மலிவாகக் கடன் கிடைத்தது, வாங்கிக் குவித்தார்கள். 2009 கடைசியில் புதிதாக வந்த அரசு, பழைய பற்றாக்குறைக் கணக்கே தப்பு என்று சொன்னது. 2010 மே மாதம் 11,000 கோடி யூரோ மீட்புக் கடன் வந்தது. கொடுத்தவர்கள் ஐரோப்பிய நாடுகளும் ஐ.எம்.எஃபும். கூடவே செலவை வெட்டு, சம்பளத்தை வெட்டு, பென்ஷனை வெட்டு என்று நிபந்தனை. அப்புறம் 2012ல் ஒன்று, 2015ல் ஒன்று. 2008லிருந்து 2013க்குள் நாட்டின் பொருளாதாரத்தில் நாலில் ஒரு பங்கு காணாமல் போனது. கடையை மூடுகிறவன் முதலில் யாரை அனுப்புவான்? கடைசியாக வந்தவனை. புதிதாக யாரையும் எடுக்கவும் மாட்டான். 22 வயதுப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் அடி.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத சங்கதி ஒன்று. 2012 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 751 யூரோவிலிருந்து 586க்கு இறக்கினார்கள். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் இன்னும் கீழே, 511. சின்னப் பிள்ளைகள் மலிவாகக் கிடைத்தால் முதலாளிகள் வேலைக்கு எடுப்பார்கள் என்று காரணம் சொன்னார்கள். அடுத்த வருஷம்தான் அந்த 58. இன்ஜினுக்கு எண்ணெயே வரவில்லை, ஆயில்மேன் சம்பளத்தைக் குறைத்தால் ஓடிவிடுமா? இளைஞருக்கென்று தனியாக வைத்த அந்தக் குறைந்த சம்பளத்தை 2019ல்தான் எடுத்தார்கள்.

அவர்கள் பக்கத்துத் தப்பும் உண்டு, மறைக்கவில்லை. ஓட்டுக்குப் பதில் அரசு வேலை என்பது அங்கே பழைய பழக்கம். அதற்கு 'ரூஸ்ஃபேத்தி' என்று பெயர். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? அரபியில் பிறந்த சொல், துருக்கி வழியாக அங்கே போனது. அதே சொல் பாரசீகம் வழியாக நம் பக்கம் வந்து 'ரிஷ்வத்' ஆயிற்று. மும்பையில் எந்தக் கவுன்டரில் நின்றாலும் புரிகிற வார்த்தை. 1994ல் தேர்வாணையம் ஒன்று வைத்துக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினார்கள். பிள்ளைகள் பரீட்சைக்குத் தயாராகி வந்தபோது, ஐந்து பேர் போனால் ஒருவரை எடு என்று விதி வந்து நின்றது.

சார், நான் காலேஜ் இரண்டாம் ஆண்டு. அந்த வயதுப் பெண்கள் என்ன செய்தார்கள்? வேலையே இல்லாமல் எப்படிச் சாப்பிட்டார்கள்?
— மாணவி, ஆன்டாப் ஹில்

நல்ல கேள்வி அம்மா. பெண்கள் நிலைமை இன்னும் மோசம். 2013ல் இளம் பெண்களின் வேலையின்மை 60ஐத் தாண்டியது.

எப்படிச் சாப்பிட்டார்கள் என்றால், பாட்டி பென்ஷனில். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பென்ஷனையும் வெட்டியிருந்தார்கள், ஆனாலும் மாதம் தவறாமல் வருகிற காசு பல வீடுகளில் அது ஒன்றுதான். அரசின் வேலையில்லாப் படி அப்போது மாதம் 360 யூரோ, அதிகபட்சம் 12 மாதம். அதுவும் முன்னால் வேலை செய்து சந்தா கட்டினவர்களுக்கு. படித்துவிட்டு முதல் வேலை தேடுகிறவள் எங்கே சந்தா கட்டியிருப்பாள்? அதனால் பெற்றோர் வீடுதான் கதி. முப்பது வயது வரை அம்மா வீட்டில் இருப்பது அங்கே சாதாரணம். நமக்கு இது பெரிய விஷயமாகப் படாது. டோம்பிவிலியில் ஒன் பி.ஹெச்.கே.வில் ஏழு பேர் இருக்கிறோம்.

எங்கள் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்று பிரேயஸில், அக்தி மியாவுலி தெருவில் இருந்தது. கப்பல் கம்பெனிகள் வரிசையாக இருக்கிற கடலோரத் தெரு. அங்கே எங்களுக்கு விசா, விமான டிக்கெட் எல்லாம் பார்த்த பெண்ணுக்கு 29 வயது, சட்டம் படித்தவள். தினமும் ஒன்பது மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போவாள், அவளுக்கென்று மேஜை உண்டு, மேலே ஒரு மேனேஜர் உண்டு. ஆனால் காகிதத்தில் அவள் ஊழியர் கிடையாது. கைப்பையில் ஒரு சின்ன பில் புத்தகம் வைத்திருப்பாள். மாதக் கடைசியில் அதில் ஒரு தாளை எழுதிக் கிழித்து, தான் உட்கார்ந்திருக்கிற அதே ஆபீஸுக்கே பில் கொடுப்பாள். அந்தப் புத்தகத்துக்கு 'ப்ளொகாக்கி' என்று பெயர். இப்படி வேலை பார்க்கிறவர்களையும் அந்தப் பெயராலேயே சொல்வார்கள். இன்ஷூரன்ஸ் பணம் அவளே கட்ட வேண்டும். அங்கே தனியார் ஊழியருக்குக் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கோடை விடுமுறை என்று போனஸ் சேர்த்து வருஷத்துக்கு 14 சம்பளம். ப்ளொகாக்கிக்கு 12தான். "சீஃப், எனக்கு ஈஸ்டர் கிடையாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். இங்கே அந்தேரி ஆபீஸ்களில் 'கன்சல்டன்ட்' என்று கார்டு போட்டுக் கொடுத்து பி.எஃப். பிடிக்காமல் விடுகிறார்களே, அதற்கு அக்காள் முறை.

அப்புறம், கிளம்பிப் போனார்கள். 2008க்குப் பிறகு நாட்டை விட்டுப் போனவர்கள் 4 லட்சத்துக்கும் மேல் என்று 2016ல் அவர்களுடைய மத்திய வங்கி கணக்குச் சொன்னது. நாட்டின் மொத்த ஜனத்தொகையே ஒரு கோடிச் சொச்சம். டாக்டர்கள் பெரும்பாலும் ஜெர்மனிக்கு. பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப் பெற்றோர் டியூஷன் சென்டர்களுக்குக் கொட்டின பணம் கொஞ்சநஞ்சமல்ல. அங்கே அதற்கு 'ஃப்ரோன்டிஸ்டீரியோ', உங்கள் பாஷையில் கோச்சிங் கிளாஸ். பெற்றவர் காசில் படித்த டாக்டர், பெர்லினில் ஊசி போட்டார்.

நீ என்ன படிக்கிறாய் என்று எழுதவில்லையே?

உலகத்திலேயே அதிகக் கப்பல் கிரேக்க முதலாளிகளிடம்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சொந்தப் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்காமல் ஏன் நம் ஆட்களையும் பிலிப்பைன்ஸ்காரர்களையும் எடுத்தார்கள்?
— கப்பல்காரர் மனைவி, நெருல்

முதலாளி கிரேக்கர், கொடி (கப்பலைப் பதிவு செய்த நாடு) லைபீரியா அல்லது மார்ஷல் தீவு, சரக்கு பிரேசில், போகிற இடம் சீனா. அதில் ஏறுகிற மோட்டார்மேன் எந்த ஊர் என்று பார்த்தா எடுப்பார்கள்? எந்தச் சம்பளத்துக்கு வருவார் என்று பார்ப்பார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கும் எனக்கும் அப்படித்தான் சோறு கிடைத்தது, அதனால் நான் ரொம்ப நியாயம் பேசக்கூடாது. கிரேக்கர்கள் பெரும்பாலும் மேலே இருந்தார்கள்: கேப்டன், சீஃப் இன்ஜினியர், ஆபீஸில் சூப்பர்இன்டென்டன்ட்.

ஆனால் நெருக்கடி வருஷங்களில் கேடட்டாக, அதாவது பயிற்சிக்கு வந்த பையன்களின் ஜாதகம் மாறியது. 2015ல் எங்களோடு வந்த கேடட் முதலில் பொருளாதாரம் படித்தவன். அதில் ஒன்றும் ஆகாமல் மறுபடி கடல்சார் அகாடமியில் சேர்ந்து, 25 வயதில் பில்ஜ் (கப்பலின் அடியில் அழுக்குத் தண்ணீர் தேங்குகிற இடம்) சுத்தம் பண்ண வந்து நின்றான். அந்த ஜூன் கடைசியில் கிரீஸில் வங்கிகளை மூடிவிட்டார்கள், ஏ.டி.எம்.மில் நாளைக்கு 60 யூரோதான். அவன் சம்பளம் அம்மா கணக்குக்குப் போகும். அம்மா தினமும் வரிசையில் நின்று 60 எடுத்துவிட்டு அவனுக்கு மெசேஜ் போடுவார். பையன் சாட்டிலைட் நெட் கார்டில் பாதியை அதைப் படிக்கவே செலவழித்தான். பாவம் என்று நினைத்தேன். அடுத்த வருஷம் நவம்பரில் மாட்டுங்காவில் இரண்டாயிரம் ரூபாய்க்கு நானே வரிசையில் நின்றேன், அது வேறு கதை.

நான் டெலிவரி பையன். அங்கேயும் எங்களை மாதிரி உண்டா?
— வாசகர், சயான் கோலிவாடா

தாராளமாக. படித்துவிட்டு வேறு கிடைக்காமல் பைக்கில் ஏறினவர்களும் உண்டு. 2021 செப்டம்பரில் ஒரு பெரிய உணவு டெலிவரி கம்பெனி, நூற்றுச் சொச்சம் பேரிடம் "இனி நீங்கள் சுயதொழில்காரர், சம்மதிக்காவிட்டால் கான்ட்ராக்ட் கிடையாது" என்றது. மேலே சொன்ன ப்ளொகாக்கி வியாதிதான். பையன்கள் பைக் ஊர்வலம் போனார்கள். அதைவிட, சாப்பாடு வாங்குகிற ஜனங்கள் ஆயிரக்கணக்கில் அந்த ஆப்புக்கு ஒரு ஸ்டார் போட்டு, போனிலிருந்து அழித்தார்கள். சில நாளில் கம்பெனி இறங்கி வந்தது, 2,000க்கும் மேற்பட்டவர்களுக்கு நிரந்தரக் கான்ட்ராக்ட் கொடுத்தது. இங்கே நாம் மழையில் வந்த பையனுக்கு லிஃப்ட் தரமாட்டோம் என்று சொசைட்டியில் போர்டு வைக்கிறோம்.

அங்கிள், கிரீஸில் ஹோட்டல் வேலை, மாதம் 900 யூரோ, சாப்பாடு ஃப்ரீ என்று ஒரு ஏஜென்ட் நாலரை லட்சம் கேட்கிறார். அங்கேதான் வேலையே இல்லையே, நம்மை எப்படிக் கூப்பிடுவார்கள்? போகலாமா?
— 24 வயது வாசகர், கல்யாண்

உனக்குச் சந்தேகம் சரியான இடத்தில் வந்திருக்கிறது, ஆனால் பதில் நீ நினைப்பது இல்லை. காலம் மாறிவிட்டது. இப்போது அங்கே மொத்த வேலையின்மை 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த 58 சொன்ன அதே கணக்கில், இளைஞர்களிடம் இன்னும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அதே சமயம் ஹோட்டல்காரர்களும் விவசாயிகளும் ஆள் கிடைக்கவில்லை என்று அலறுகிறார்கள். வருஷத்துக்கு மூன்று கோடிக்கு மேல் டூரிஸ்ட் வருகிறான். கிரேக்கப் பிள்ளைகள் ஏன் போவதில்லை என்றால், தீவுகளில் சீசன் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான். இருக்கிற ரூம் எல்லாம் டூரிஸ்ட்டுக்குப் போய்விடும், வேலைக்காரனுக்கு ஓர் அறையில் நாலு கட்டில். 2025 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் 880 யூரோ ஆனது, பிடித்தம் போக அதற்கும் கீழே. ஏதென்ஸில் தனியாக ஒரு வீடு எடுத்தால் அதில் பாதிக்கு மேல் வாடகைக்கே போகும். ஆள் பற்றாக்குறைக்கு அரசு கண்ட வைத்தியம், 2024 ஜூலையிலிருந்து சில தொழில்களில் ஆறாம் நாளும் வேலை, அந்த நாளுக்கு 40 சதவீதம் கூடுதல் கூலி. வெளிநாட்டு ஆட்களையும் தேடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் அவர்கள் பிரதமர் மிட்சோடாகிஸ் டெல்லி வந்தபோது இந்தியத் தொழிலாளர்கள் அங்கே போவதைப் பற்றியும் பேச்சு நடந்தது.

ஆகவே வேலை இருக்கலாம். உன் ஏஜென்ட்தான் எனக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப வெளியுறவு அமைச்சகத்தின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் உள்ளவர் வாங்கக்கூடிய சர்வீஸ் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். நாலரை லட்சம் எந்தக் கணக்கில் வருகிறது என்று ரசீதில் எழுதித் தரச் சொல். எழுத மாட்டார். கப்பல் வேலை என்று பேச்சை மாற்றினால், அதற்கு டி.ஜி. ஷிப்பிங் என்கிற மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம் தருகிற ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள் எடுக்கும் லைசென்ஸ் வேண்டும். கப்பல்காரனிடம் வேலைக்கென்று ஒரு பைசா வாங்கக்கூடாது என்பது சட்டம். லைசென்ஸ் நம்பரைக் கேட்டு வாங்கி, அரசு வெப்சைட்டில் நீயே தட்டிப் பார். ஏஜென்ட் தன் போனில் காட்டுகிறதை நம்பாதே. என் அக்காள் பையன் ஒருத்தன் 2011ல் மஸ்ஜித் பந்தரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த ஆபீஸில் இரண்டு லட்சம் கொடுத்தான். ஒரு வாரம் கழித்து நானே கூடப் போய்ப் பார்த்தேன். படி இருந்தது.

கிரீஸில் காபி எப்படி? நம் மாட்டுங்கா ஃபில்டர் காபிக்கு நிற்குமா?
— வாசகர், மாட்டுங்கா (கிழக்கு)

நிற்காது. ஃப்ராப்பே என்று ஒன்று. இன்ஸ்டன்ட் காபித் தூளையும் பச்சைத் தண்ணீரையும் நுரை வரக் குலுக்கி, ஐஸ் போட்டு, உறிஞ்சுகுழலோடு தருவார்கள். 1957ல் தெசலோனிக்கி பொருட்காட்சியில் வெந்நீர் கிடைக்காத ஒருவர் குலுக்கிப் பார்த்ததில் பிறந்ததாம். முதல் நாள் நான் நாலு உறிஞ்சில் முடித்துவிட்டு எழுந்தேன். சிப்பிங் பண்ண வந்தானே அந்த சிவில் இன்ஜினியர், அவன் என் கையைப் பிடித்து உட்காரவைத்தான். அவன் கிளாஸில் நுரைகூட இறங்கவில்லை. ஐஸ் கரையக் கரையத் தண்ணீர் சேரும், ஒன்றை வைத்து மூன்று மணி நேரம் உட்காரலாம், கடைக்காரன் எழுப்ப மாட்டான் என்றான். பக்கத்து மேஜைகளைக் காட்டினான். எல்லாம் அவன் வயதுப் பிள்ளைகள், ஆளுக்கு ஒரு கிளாஸ். காலை பதினொன்றரை மணி, செவ்வாய்க்கிழமை.